பதினேழாவது ஓட்டை: ஏலத்தில் எடுத்த போலீஸ் அம்பாசிடருடன் ஒன்பது வருஷம்

விழுப்புரத்தில் ஒருவர் பழைய போலீஸ் அம்பாசிடர் ஒன்றை விற்கிறாராம், எடுக்கலாமா என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் என் வண்டியை டிங்கரிங் கடையிலிருந்து ஓட்டி வந்திருந்தேன். கூரை வேலைக்கு மட்டும் 6,500 ரூபாய். "வேணாம்" என்று போனை வைத்துவிட்டேன். அவருக்கு அது போதாது. அதனால் இதை எழுதுகிறேன்.

2016இல் எடுத்தேன். 1999 மாடல், 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர். எஞ்சினைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லிட்டருக்கு ஒன்பது, ஈ.சி.ஆரில் காலை வைத்து மிதிக்காமல் போனால் பத்து. உத்தரபாரா தொழிற்சாலையில் 2014இல் உற்பத்தி நின்று போனாலும் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் சாமான் கிடைக்கிறது. பின்சீட்டில் என் அம்மா கால் நீட்டித் தூங்கிக்கொண்டு வருவார். இதெல்லாம் எந்த அம்பாசிடரிலும் உண்டு. போலீஸ் வண்டிக்கென்று இருப்பது ஓட்டைகள்.

ஏலத்துக்கு விடுவதற்கு முன் சுழல் விளக்கு, சைரன் பெட்டி, வயர்லெஸ் செட் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொள்கிறார்கள். அவை இருந்த ஓட்டைகளை என்ன செய்வது? வாங்கின அன்றே எண்ணினேன், பதினாறு. டேஷ்போர்டுக்குக் கீழே மைக் தொங்கிய கிளிப்புக்கு இரண்டு, செட் உட்கார்ந்திருந்த பிராக்கெட்டுக்கு நான்கு, சைரன் சுவிட்சுக்கு ஒன்று, முன் கிரில்லில் ஸ்பீக்கருக்கு நான்கு. கூரையின் நடுவில் விளக்குக்கு நான்கு போல்ட் ஓட்டை, வயர் இறங்க ஒன்று. எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கு அது கல்வெட்டு மாதிரி. எது எங்கே இருந்தது என்று விரலை வைத்துப் படித்துக்கொண்டே போகலாம்.

ஐப்பசி வரை அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். முதல் மழையிலேயே இடது காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு விழுந்தது. எம்-சீல் வைத்தேன். அடுத்த வருஷம் சிலிகான். அப்புறம் சைக்கிள் டியூபை வாஷராக வெட்டி, போல்ட் போட்டு முறுக்கினேன். சொட்டு நிற்கவில்லை. தண்ணீர் இறங்குகிற இடத்தில் விழுந்தாலாவது பரவாயில்லை, தகரத்துக்கும் உள்கூரைத் துணிக்கும் நடுவே தேங்கி நிற்கும். வளைவில் திரும்பினால் காது. பிரேக் போட்டால் முன்னால் ஓடி வந்து நேராக மடியில். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதற்கு மறுநாள் உள்கூரைத் துணி தொட்டில் மாதிரி தொங்கியது. குத்தி, ஒரு பக்கெட் பிடித்தேன்.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். கதவில் இருந்த எழுத்தின் மேல் வெள்ளை அடித்துத்தான் கொடுத்தார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடலூர் சில்வர் பீச்சில் காலை ஆறரைக்கு, முன்பக்கம் கடலைப் பார்க்க, கொஞ்சம் சாய்வாக நிறுத்திப் பாருங்கள். வெயில் தகரத்தை உரசிக்கொண்டு வரும்போது 'காவல்' என்று மூன்று எழுத்தும் மெல்ல எழும்பும். ஸ்டென்சில் வைத்து அடித்த பெயிண்டின் விளிம்பு அது. 'ல்' எழுத்தின் புள்ளி கொஞ்சம் ஒழுகி இறங்கியிருக்கிறது, நகத்தில் தட்டுப்படும். பெயிண்டர் பட்டி பார்த்துத் தேய்க்க வந்தபோது அந்த ஒரு கதவை மட்டும் தொடவிடவில்லை. ஏழரைக்கு எழுத்து போய்விடும்.

எங்கள் பழைய வண்டிக் கூட்டத்தில் பாண்டிக்காரர்கள் இரண்டு பேருக்கு இது போதவில்லை. பட்டை போடு, விளக்கை ஏற்று, பழையபடி ஆக்கு என்கிறார்கள். அதிலும் ஒருவர் பாண்டி போலீஸ் வண்டி மாதிரி செய்யச் சொல்கிறார். சிவப்புக் கெப்பித் தொப்பிக்காரர்களுக்கு அவர் எப்போதும் வக்கீல். இது தமிழ்நாட்டு வண்டி ஐயா! தவிர, காவல் என்று எழுதிக்கொண்டு நான் எப்படி ரோட்டில் போக முடியும்? சைரனும் ஆகாது. பல சுரத்தில் கூவும் ஹாரனை மோட்டார் வாகன விதி ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் போன்ற வண்டிகளுக்குத்தான் விட்டிருக்கிறது. காயலான் கடையில் கிடைத்த சுழல் விளக்கு ஒன்று வீட்டு டிவி பக்கத்தில் இருக்கிறது. அதில் பல்பு சுற்றாது, குழிக் கண்ணாடிதான் பல்பைச் சுற்றி ஓடும். மகள் தோழிகளுக்குப் போட்டுக் காட்டுவாள்.

கூரைக்கு வருகிறேன். போன மாதம் பாண்டியிலிருந்து திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்டில் ஓரங்கட்டச் சொன்னார்கள். டிக்கியில் பாட்டில் தேடத்தான். வயதான ஏட்டு ஒருவர் டிக்கியைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம டிபார்ட்மென்ட் வண்டி மாதிரி இருக்கே. ஒழுகுதா சார்?"

"ஒழுகுதுங்க."

"இந்த மாதிரி வண்டியில ஆறு வருஷம் இருந்தேன். எங்களுக்கும் ஒழுகும். டிரைவர் தோள்ல துண்டு போட்டுக்குவாரு. லைட் ஓட்டைய நோண்டாதீங்க, பின்னாடி ஏரியல் ஓட்டையப் பாருங்க."

ஏரியலுக்கு ஓட்டையே இல்லை என்றேன். சிரித்தார். டிங்கரிங் கடையில் பின்கண்ணாடிக்கு மேலே சுரண்டச் சொன்னேன். பட்டி பாளமாகப் பெயர்ந்து வந்தது. கீழே பதினேழாவது ஓட்டை, துரு தின்று ஐந்து ரூபாய்க் காசு அகலம். வெட்டி, தகரம் வைத்து, கேஸ் வெல்டிங். ஒன்பது வருஷமாக நான் அடைத்தது எல்லாம் ஒழுகாத ஓட்டைகளை.

நேற்று மழை. காது நனையவில்லை. வலது முழங்கால் நனைந்தது. முன்கண்ணாடி ரப்பர் பீடிங் போய்விட்டதாம்.

ஆக நண்பருக்கு: வேணாம். 2023 ஏப்ரல் முதல் பதினைந்து வருஷம் தாண்டிய அரசு வண்டிகள் ஸ்கிராப்புக்குப் போகின்றன, இப்படி ஒன்று இனி ஏலத்துக்கு வருவது கஷ்டம் என்று விற்பவர் சொல்வார். சொல்வது உண்மைதான். அப்படியும் வேணாம். பார்க்கத்தான் போவேன் என்றால் விடிகாலையில் போங்கள், உச்சி வெயிலில் கதவில் எழுத்து இருந்தாலும் தெரியாது.