அம்மாவின் பைபாப்: நான்கு ஆண்டு அனுபவம்

இட்லிக் கடை விறகடுப்பின் புகையை முப்பது ஆண்டுகள் குடித்தவர் அம்மா. பீடியைத் தொட்டதே இல்லை, ஆனாலும் சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஒருநாள் கரியமில வாயு உடம்பில் தேங்கிப் பேச்சு குழறியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள் வென்டிலேட்டர். வீடு திரும்பியபோது கூடவே, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தந்து மூச்சுக்கு உதவும் ஒரு பைபாப் கருவியும் வந்தது. இரவுதோறும் எட்டு மணி நேரம் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதில் அழுத்தம் இரண்டு. மூச்சை இழுக்கும்போது தருவது ஐபாப். விடும்போது மிச்சம் வைப்பது ஈபாப். அம்மாவுக்கு 16, 6 என்று வைத்துக் கொடுத்தார்கள். கரியமில வாயுவை வெளியே தள்ளுவது இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த 10தான். இதைப் பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். "காற்று போதவில்லை" என்று அம்மா ஒரு வாரம் புலம்பினார். மருத்துவருக்கு மட்டுமான அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் வழியை ஒரு காணொளியில் பார்த்து, ஈபாபை 9 ஆக்கினேன். அழுத்தம் கூடினால் காற்றும் கூடும் என்பது என் கணக்கு. நடந்ததோ, இடைவெளி 7 ஆகச் சுருங்கியது. மூன்றாம் நாள் விடிகாலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். மருத்துவர் திட்டிவிட்டு ஈபாபைப் பழையபடி 6க்கு இறக்கினார். ஐபாபைச் சில வாரங்களில் 20 வரை ஏற்றினார். அதற்குப் பின் அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை.

கருவி இயங்கும் முறைகளில், எஸ் என்பதில் நோயாளி இழுத்தால்தான் கருவி தள்ளும். எஸ்/டியில் நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்திருந்தால், தூக்கத்தில் மூச்சு மந்தமானாலும் கருவி தானே தள்ளிவிடும். ஏவிஏபிஎஸ் முறையையும் ஓராண்டு பார்த்தோம். மூச்சுக்கு 400 மில்லி என இலக்கு வைத்தால், அதை எட்டக் கருவியே அழுத்தத்தை ஏற்றி இறக்கும். கேட்க அழகாக இருக்கிறது. மாஸ்க் கசிகிற இரவில் அதன் கணக்கு தடுமாறும். அழுத்தம் ஏறி, அம்மா இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். திரும்பவும் எஸ்/டிக்கே வந்துவிட்டோம்.

இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும் என்பது மருத்துவர் சொன்னது. பார்க்க வருகிற உறவினர்கள் எல்லோரும் 'ஆக்சிஜனை இன்னும் கொஞ்சம் திறந்துவிடு' என்பார்கள். திறந்தால் கரியமில வாயு ஏறும் ஆபத்து உண்டு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் உண்டு. ஈரப்பதமூட்டியின் சூடுதான் அதிக மின்சாரத்தைத் தின்கிறது. கரண்ட் போனால் முதலில் அதை அணைத்துவிடுவேன்.

என் அனுபவத்தில் முறையைவிட மாஸ்க்தான் அதிகம் படுத்தியது. பெரிதாகக் கசிந்தால் மூச்சு இழுத்து முடிந்ததே கருவிக்குத் தெரியாது, தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் இழுக்கும் நேரத்துக்கு ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். நான் பட்டையை இறுக்கினேன். மூக்குத்தண்டில் புண் வந்தது, கசிவு நிற்கவில்லை. இரண்டு மாஸ்க் மாற்றினோம். கடைசியில்தான் புரிந்தது: இரவில் பல்செட்டைக் கழற்றியதும் அம்மாவின் கன்னம் ஒடுங்கிவிடுகிறது. இப்போது பல்செட்டோடுதான் படுக்கிறார். பல் மருத்துவருக்கு அது அறவே பிடிக்கவில்லை.