ஜின்ஜுவில் மூன்று பர்கர்கள்: வீடு வரை தாங்குவது எது?

கொரிய இணையத்தில் 'பர்கர் குறியீடு' என்று பாதி வேடிக்கையான ஒரு கணக்கு உண்டு. ஒரு நகரத்திலுள்ள பர்கர் கிங், மெக்டொனால்ட்ஸ், கே.எஃப்.சி. கடைகளைக் கூட்டி, கொரிய பர்கர் நிறுவனமான லொட்டேரியாவின் கடைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வரும் எண் எவ்வளவு பெரிதோ, ஊர் அவ்வளவு வளர்ந்தது என்று பொருளாம். ஆராய்ச்சிப் பணிக்காகத் தென் கியோங்சாங் மாகாணத்தின் ஜின்ஜுவில் மூன்றாண்டுகள் வசித்த எனக்கு வாடிக்கையாகிப்போனது, அந்தக் கணக்கிலேயே இடம்பெறாத மாம்ஸ் டச் என்ற கொரியக் கோழி பர்கர் கடை.

லொட்டேரியாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1979இல் சியோலில் தொடங்கிய அது, சிறு நகரங்களின் பேருந்து நிலையங்கள் வரை பரவியிருக்கிறது. 1992இல் அறிமுகமான புல்கோகி பர்கரின் சோயா இனிப்பு சிலருக்குப் பிடிக்கும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு இறால் பர்கர் இருக்கிறது.

'சுஜே பர்கர்' எனப்படும் கைப்பக்குவக் கடைகள் வேறு வகை. வெண்ணெயில் வாட்டிய பன்னும் கத்தி முள்கரண்டியுமாகத் தட்டில் வரும் அந்தப் பர்கர், உட்கார்ந்து உண்பவருக்கு மற்ற இரண்டையும்விடச் சுவையானது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் விலை ஏறக்குறைய இரட்டிப்பு; நான் சென்ற கடையில் மதியம் மூன்று முதல் ஐந்து வரை இடைவேளை, திங்கட்கிழமை விடுமுறை. அந்த ஒரே கடையில், அதுவும் நான்கே முறை சாப்பிட்டவன் என்பதால், இவ்வகைக் கடைகள் அனைத்துக்கும் தீர்ப்பெழுத எனக்குத் தகுதியில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது சுவையன்று, வீட்டுக்கு நடந்து செல்லும் இருபது நிமிடங்கள். ஆய்வகத்திலிருந்து இரவு எட்டரைக்குக் கிளம்புகிறவன் பெரும்பாலும் பார்சல்தான் வாங்குவான். தொடுதிரையில் 'போஜாங்' என்று எழுதிய பொத்தானே நான் முதலில் படிக்கக் கற்றுக்கொண்ட கொரியச் சொற்களில் ஒன்று. கைப்பக்குவப் பர்கரை அப்படி எடுத்துச் சென்றபோது, இறைச்சிச் சாறும் அடைபட்ட ஆவியும் சேர்ந்து அடிப் பன்னைக் கூழாக்கியிருந்தன. மாம்ஸ் டச்சின் ஸ்ஸாய் பர்கரோ, ஆங்கிலத்தில் தொடையைக் குறிக்கும் சொல்லின் கொரிய உச்சரிப்பைப் பெயராகக் கொண்டது. எலும்பு நீக்கிய கோழித் தொடையைக் கரடுமுரடான மாவுப் பூச்சுடன் பொரித்து வைப்பதால், மேடுபள்ளமான அந்த ஓடு நெடுநேரம் மொறுமொறுப்பாக நிற்கிறது. தொடைக்கறியில் கொழுப்பு அதிகம் என்பதால், ஆறினாலும் நெஞ்சுக்கறியைப் போல வறண்டு போவதில்லை. கேட்ட பிறகே பொரிப்பதால் பசியோடு ஏழெட்டு நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் வெப்ப விளக்கடியில் காத்திருந்த துண்டு நம் பைக்குள் வராது என்பதற்காக அந்த நேரத்தைக் கொடுக்கலாம். கொரியர்கள் இதற்கு 'வாய் கிழிக்கும் பர்கர்' என்று வைத்த செல்லப்பெயர் அதன் உயரத்தைச் சொல்லிவிடும்.

குறையும் உண்டு. வீடு சேர்வதற்குள் லெட்டூஸ் வதங்கிவிடும். ஜூலை மழைக்காலத்து ஈரக்காற்றில் அந்த மாவு ஓடும் சற்று இளகும். ஒரு ஜனவரி இரவில் சூடு போகாமலிருக்கப் பையை மேலங்கிக்குள் அணைத்து நடந்தேன். சூடு இருந்தது, மொறுமொறுப்பு போயிருந்தது. அதன்பின் கை விறைத்தாலும் பையின் வாயைத் திறந்தபடியே தூக்கிச் சென்றேன்.