ஹீத்ரோவிலிருந்து கேட்விக்: கோச் பஸ்ஸா, ரயிலா?

சென்னையிலிருந்து போய் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி, லண்டனின் இன்னொரு விமான நிலையமான கேட்விக்கில் அடுத்த விமானத்தைப் பிடிக்கும் வேலை எனக்கு இரண்டு முறை வாய்த்தது. முதல் முறை கோச் பஸ், அடுத்த முறை ரயில். இனி எப்போது போனாலும் ரயில்தான்.

நேர்கோட்டில் அளந்தால் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே 40 கிலோமீட்டர்தான். சாலை வழியே 70 கிலோமீட்டரை நெருங்கும்.

கோச்சில் ஏறி உட்கார்ந்தால் போதும், வண்டி மாற வேண்டியதில்லை, பெட்டியும் அடியில் போய்விடும். சாலை காலியாக இருந்தால் ஒன்றேகால் மணி நேரம். ரயிலுக்கு, நடுவில் மாறுவதையும் சேர்த்து, ஒன்றேமுக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, கணக்குப்படி கோச்தான் வேகம்.

ஆனால் அந்தச் சாலை எப்போது காலியாக இருக்கும்? கோச் போவது எம்25 வழியாக. லண்டனைச் சுற்றி 188 கிலோமீட்டருக்கு ஓடும் இந்த வளையச் சாலை 1986இல் முழுமையானது. ஹீத்ரோவை ஒட்டிய பகுதிதான் அதில் நெரிசல் மிகுந்தது. நான் போன அன்று மாலை, பயணம் இரண்டரை மணி நேரம் இழுத்தது. கண்ணாடிக்கு வெளியே சிவப்பு விளக்குகள் மட்டும். பக்கத்து இருக்கைப் பெண்மணி கையிலிருந்த டிக்கெட் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். இறங்கி வேறு வழியில் போகவும் முடியாது. அன்று நான் விமானத்தைப் பிடித்தது கடைசி நிமிடத்தில்.

சீக்கிரம் போனால் எவ்வளவு நேரம் என்று கேட்பதைவிட, தாமதமானால் எவ்வளவு ஆகும் என்று கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. ரயிலும் தாமதமாகும். ஆனால் ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். ஹீத்ரோவில், 2022இல் திறந்த எலிசபெத் லைன் ரயிலில் ஏறி, லண்டன் நடுவிலுள்ள ஃபாரிங்டன் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து தேம்ஸ்லிங்க் ரயில் நேராகக் கேட்விக் போகிறது. லிஃப்ட் இருப்பதால் பெட்டியோடு படியேற வேண்டாம். தனியாக டிக்கெட் வேண்டாம், வங்கி அட்டையை ஹீத்ரோவிலும் கேட்விக்கிலும் நிலையக் கதவில் தட்டினால் போதும். எலிசபெத் லைன் நின்றுபோனால்கூட, பிக்காடில்லி லைன் சுரங்க ரயிலைப் பிடித்து, நடுவில் மாறி விக்டோரியா நிலையம் போய், அங்கிருந்து கேட்விக் ரயில் ஏறலாம். தேம்ஸ்லிங்கில் போனால், நடுவே பிளாக்ஃப்ரையர்ஸ் நிலையத்தில் நடைமேடையே தேம்ஸ் நதிக்கு மேல்தான் இருக்கிறது. அந்த அரை நிமிடத்துக்காகவே ஜன்னலோரம் உட்காருங்கள்.

நான் போனது ஒரே பெட்டியோடு, பகலில். கைக்குழந்தையும் நான்கு பெட்டிகளுமாகப் போகிறவர்களுக்கும் நள்ளிரவில் இறங்குகிறவர்களுக்கும் கோச்சே சௌகரியமாக இருக்கலாம்.

எதில் போனாலும் சரி, குடிநுழைவுச் சோதனையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் பொதுவாக அதற்குரிய விசா முன்பே கையில் இருக்க வேண்டும். கேட்விக் ரயில் நிலையம் தெற்கு முனையத்தில் இருக்கிறது. உங்கள் விமானம் வடக்கு முனையமென்றால் இலவச ஷட்டில் ரயிலுக்கும் சில நிமிடங்கள் ஒதுக்குங்கள். இரண்டாம் முறை நான் இரண்டு விமானங்களுக்கும் நடுவே ஆறு மணி நேரம் விட்டிருந்தேன். கேட்விக்கில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட நேரம் இருந்தது.