பிரைவேட் விஃபா, டிரான்சிட் விஃபா? தடா எல்லையிலிருந்து ஒரு கணக்கு

ஸ்ரீசிட்டி, தடா, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஆலை நடத்துபவர்கள் கிளவுடுக்குத் தனி லைன் போடலாம் என்று முடிவெடுத்ததும் முதலில் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். 500 எம்பிபிஎஸ் போதுமா, 1 ஜிபிபிஎஸ் வேண்டுமா என்று வாரக்கணக்கில் மெயில் ஓடும். அந்த லைனுக்குள் எந்த விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ் (லைனுக்குள் மென்பொருளால் பிரித்துப் போடும் பாதை) போகப்போகிறது என்ற கேள்வி, படிவத்தை நிரப்பும் அன்றைக்குத்தான் எழும். வேகத்தில் கணக்குத் தப்பினால் லைன் கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். இன்டர்ஃபேஸில் கணக்குத் தப்பினால் ஓடுகிற லைனை நிறுத்தித்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதனால் பேச்சை இங்கிருந்தே தொடங்கலாம்.

இங்கே அலசுவது அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸுக்குத் தனி லைன் தரும் டைரக்ட் கனெக்ட் சேவையை. அதில் விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ், அதாவது எல்லோரும் சொல்லும் விஃப், மூன்று வகை. பிரைவேட் விஃப் உங்கள் விபிசிக்குள், அதாவது கிளவுடில் உங்களுக்கென்று ஒதுக்கிய தனி நெட்வொர்க்குக்குள், நேராகப் போகும். டிரான்சிட் விஃப், பல நெட்வொர்க்குகளை இணைக்கும் சந்திப்பான டிரான்சிட் கேட்வே வழியாகப் பல விபிசிகளுக்குப் போகும். பப்ளிக் விஃப், எஸ்3 (கோப்புகளைச் சேமிக்கும் கிடங்கு) போன்ற சேவைகளின் பொது முகவரிகளுக்குப் போகும். மூன்றுமே ஒரு வீலான் எண் (லைனுக்குள் போக்குவரத்தைப் பிரிக்கும் அடையாளம்), ஒரு பிஜிபி உறவு (எந்த முகவரி எந்தப் பக்கம் என்று இரு பக்க ரவுட்டர்களும் சொல்லிக்கொள்ளும் முறை) என்ற அளவில் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் அந்தப் பக்கம் எதில் போய் முடிகிறது என்பதில் இருக்கிறது.

முதலில் கொட்டேஷனைப் பாருங்கள்

தடா எல்லையைத் தாண்டினால் தொலைத்தொடர்பு வட்டமே மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் ஆந்திரா. ஆலை இருப்பது திருப்பதி மாவட்டத்தில், லைன் போய்ச் சேர வேண்டிய டைரக்ட் கனெக்ட் இடம் சென்னையில். கேன்டீனில் தமிழ், கேட்டில் தெலுங்கு, கொட்டேஷனில் ஆங்கிலம் என்று ஓடும் ஊர் இது. அந்த ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேடிப் பிடியுங்கள்: உங்களுக்குத் தருவது டெடிகேட்டட் இணைப்பா, ஹோஸ்டட் இணைப்பா, ஹோஸ்டட் விஃபா?

டெடிகேட்டட் என்றால் ஏடபிள்யூஎஸ் பக்கத்து போர்ட் முழுவதும் உங்களுடையது. 1 ஜிபிபிஎஸ்ஸிலிருந்து தொடங்கும். அதில் பிரைவேட், பப்ளிக் விஃப்கள் சேர்த்து 50 வரை போடலாம். ஹோஸ்டட் இணைப்பு என்றால் லைன் தருபவரின் போர்ட்டில் ஒரு பங்கு. 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்தே கிடைக்கும். இந்தப் பக்கத்து நடுத்தர ஆலைகளுக்கு அதுதான் கட்டுப்படியாகும். ஆனால் ஒரு ஹோஸ்டட் இணைப்பில் ஒரே ஒரு விஃப்தான் போட முடியும். ஹோஸ்டட் விஃப் அதற்கும் கீழே. இன்டர்ஃபேஸ் மட்டும் உங்களுக்கு, அடியில் உள்ள வேகத்தை மற்றவர்களோடு பகிர வேண்டும். விலை அடிமட்டமாக இருந்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

டெடிகேட்டட் வைத்திருப்பவருக்கு விஃப் தேர்வு ஒரு பிரச்சினையே இல்லை. பிரைவேட் ஒன்று போடுவார், தேவைப்பட்டால் பக்கத்தில் டிரான்சிட் ஒன்றும் போடுவார். ஹோஸ்டட் வாங்குபவருக்குத்தான் இருப்பது ஒரே இடம். இனி எழுதுவது முக்கியமாக அவருக்காக.

பிரைவேட் எதிர் டிரான்சிட்

ஸ்ரீசிட்டியில் ஓர் ஐடி மேலாளர் கேட்டது: “சார், எங்ககிட்ட விபிசி ரெண்டுதான். ஈஆர்பிக்கு (ஆலைக் கணக்கு, சரக்கு எல்லாம் பார்க்கிற மென்பொருள்) ஒண்ணு, கேமரா படங்களுக்கு ஒண்ணு. கன்சல்டன்ட் டிரான்சிட்தான் போடணும்னு சொல்றாரு. நெஜமாவே வேணுமா?”

வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணம் காசு. டிரான்சிட் கேட்வேயில் ஒவ்வோர் இணைப்புக்கும் மணிக்கணக்கில் வாடகை உண்டு. அது போக, உள்ளே நுழையும் ஒவ்வொரு ஜிபிக்கும் கட்டணம். ஏடபிள்யூஎஸ்ஸின் பெரும்பாலான பகுதிகளில் (டேட்டா சென்டர் வட்டாரங்களில்) 2 சென்ட். தரம் பார்க்கும் கேமராக்கள் மாதம் 20 டிபி படம் அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். 20,000 ஜிபிக்கு 400 டாலர், நம் கணக்கில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல், மாதாமாதம். அதே படங்கள் பிரைவேட் விஃப் வழியாக விபிசியின் வாசலான விர்ச்சுவல் பிரைவேட் கேட்வேக்குப் போனால் இந்தக் கட்டணம் கிடையாது. டைரக்ட் கனெக்டில் உள்ளே போகும் தரவுக்கும் காசு இல்லை, வெளியே வருவதற்குத்தான். படம் ஏற்றுவதே பிரதான வேலையாக இருக்கும் ஆலைக்கு இந்த வித்தியாசம் லேசானதில்லை.

பிரைவேட் விஃபை நேராக ஒரு விபிசியில் கட்டாமல், நடுவில் டைரக்ட் கனெக்ட் கேட்வே (ஒரு விஃபைப் பல விபிசி வாசல்களோடு சேர்க்கும் இணைப்பான்) வைத்துவிடுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அது இருந்தால் ஒரே விஃபில் மும்பை விபிசிக்கும் போகலாம், 2022 நவம்பரில் திறந்த ஹைதராபாத் பகுதியின் விபிசிக்கும் போகலாம். ஒரு கேட்வேயில் 20 விர்ச்சுவல் பிரைவேட் கேட்வேக்கள் வரை சேர்க்கலாம். மும்பையா ஹைதராபாத்தா என்பது வேறு கேள்வி. ஒளியிழையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு வழியில் சுமார் 5 மில்லி விநாடி ஆகும். சென்னையிலிருந்து ஹைதராபாத், மும்பைக்குள்ள தூரத்தில் ஏறக்குறைய பாதி. எந்த விஃப் போட்டாலும் அந்தத் தூரம் மாறாது.

சரி, பிரைவேட் எங்கே கைவிடும்? விபிசிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்னும்போது. டைரக்ட் கனெக்ட் கேட்வேயில் சேர்ந்திருக்கும் இரண்டு விபிசிகள் அதன் வழியாகத் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக அது கட்டப்படவில்லை. இரண்டு, மூன்று என்றால் விபிசி பியரிங் (இரண்டு விபிசிகளுக்கிடையே நேரடி இணைப்பு) போட்டுச் சமாளிக்கலாம். எட்டு, பத்து ஆகும்போது பியரிங் வலை சிக்கலாகிவிடும். எல்லாப் போக்குவரத்தும் ஒரே ஃபயர்வால் வழியாகத்தான் போக வேண்டும் என்று தலைமையகம் சொன்னாலும் டிரான்சிட்தான் சரி. லைனுக்குள் என்கிரிப்ஷன் கேட்கும் ஆடிட்டர் இருந்தாலும் டிரான்சிட் பக்கம் சாயலாம். டைரக்ட் கனெக்ட் தானாக எதையும் என்கிரிப்ட் செய்யாது. பொது இணையத்தில் தெரியாத தனி முகவரிகளிலேயே ஐபிசெக் விபிஎன் (என்கிரிப்ட் செய்த சுரங்கப்பாதை) ஓட்டும் வசதி 2022 முதல் டிரான்சிட் விஃப் மேல்தான் இருக்கிறது.

ஆகவே இன்றைக்கு இரண்டு விபிசி, அடுத்த விரிவாக்கத்தில் பத்து என்றால் என்ன செய்வது? இங்கேதான் அந்த ஒரே இடம் கழுத்தைப் பிடிக்கிறது. பிரைவேட் விஃபுக்கு வைத்த டைரக்ட் கனெக்ட் கேட்வேயை டிரான்சிட்டுக்குப் பயன்படுத்த முடியாது. புதிதாக ஒன்று உருவாக்க வேண்டும். ஹோஸ்டட் இணைப்பில் பழைய விஃபை அழித்தால்தான் புதியதைப் போட முடியும். நடுவில் லைன் செத்துக் கிடக்கும். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் அதற்கு நேரம் கேட்டுப் பாருங்கள். விரிவாக்கம் உறுதி என்றால் இப்போதே டிரான்சிட் போட்டுக் காசைக் கட்டுவது புத்திசாலித்தனம். ‘வரலாம், வராமலும் போகலாம்’ என்றால் பிரைவேட் போடுங்கள். வந்தால் இரண்டாவது ஹோஸ்டட் இணைப்பு ஒன்றை எடுத்து, அதில் டிரான்சிட் போட்டு, ஆற அமர மாறிக்கொள்ளலாம். எப்படியும் மாற்று லைன் ஒன்று தேவைதானே.

டிரான்சிட் போடுபவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. டைரக்ட் கனெக்ட் கேட்வே, டிரான்சிட் கேட்வே இரண்டும் தாமாக எடுத்துக்கொள்ளும் ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் எண்) 64512. இரண்டும் ஒன்றாக இருந்தால் சேராது. கேட்வேயை உருவாக்கும்போதே வேறு எண் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ‘அனுமதித்த முகவரித் தொகுதிகள்’ என்ற பட்டியல். பிரைவேட் பக்கத்தில் அது சல்லடை மாதிரி: விபிசியின் முகவரிகளில் எதை உங்களுக்குச் சொல்வது என்று வடிகட்டும். டிரான்சிட் பக்கத்தில் நீங்கள் எழுதியதே அப்படியே அறிவிக்கப்படும். எழுத மறந்த விபிசிக்கு வழி தெரியாது.

எம்டியூவில், அதாவது ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச பைட் அளவில், பிரைவேட் 9001 வரை போகும், டிரான்சிட் 8500. ஆலைகளுக்கு இது பெரிய விஷயமில்லை. ஓடுகிற லைனில் இந்தப் பெரிய அளவுக்கு, அதாவது ஜம்போ ஃப்ரேமுக்கு, மாற்றினால் அதிலுள்ள எல்லா விஃப்களும் 30 விநாடி வரை நின்று வரலாம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இரண்டுக்கும் பொதுவான பள்ளம் ஒன்று உண்டு. உங்கள் பக்கத்திலிருந்து ஒரு பிஜிபி உறவில் 100 ஐபிவி4 வழிகள்தான் (முகவரித் தொகுதி அறிவிப்புகள்) அனுப்பலாம். ஓர் ஆலையில் ஒவ்வொரு உற்பத்தி வரிசைக்கும் தனித்தனி /24 (256 முகவரிகள் கொண்ட தொகுதி) வைத்து, ஆலைக்குள் ரவுட்டர்கள் வழி பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் முறையின் வழிகளை எல்லாம் அப்படியே பிஜிபிக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். புதிய பேக்கிங் வரிசைக்கு வீலான் சேர்த்த அன்று எண்ணிக்கை 101 ஆனது. அந்த ஒரு வழி மட்டும் போகாமல் இருந்திருந்தால் பரவாயில்லை. பிஜிபி உறவே விழுந்துவிட்டது. லைனில் விளக்கு பச்சையாக எரிகிறது, ஈஆர்பி மட்டும் திறக்கவில்லை. ஃபைபர்காரர்களை அழைத்தால் “எங்க பக்கம் லிங்க் நல்லா இருக்கு சார்” என்கிறார்கள், அது உண்மையும்கூட. எல்லாவற்றையும் சுருக்கி ஒரே பெரிய தொகுதியாக, /16 ஆக, அறிவித்ததும் சரியானது. இதை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

பப்ளிக் விஃப் யாருக்கு?

எஸ்3-க்கு ஏற்றத்தான் என்று சொல்லிப் பலரும் இதைக் கேட்கிறார்கள். பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. விபிசிக்குள் இருக்கும் எஸ்3 கேட்வே எண்ட்பாயின்டை (விபிசியிலிருந்து எஸ்3-க்குப் போகும் உள்வாசல்) ஆலையிலிருந்து நேராகத் தொட முடியாது என்பது உண்மைதான். ஆனால் 2021 முதல் எஸ்3-க்கு இன்டர்ஃபேஸ் எண்ட்பாயின்ட் வந்துவிட்டது. பிரைவேட் விஃப் வழியாகவே அதை அடையலாம். அதற்கும் மணி வாடகையும் ஜிபிக் கட்டணமும் உண்டு. ஏற்றும் அளவு மிகப் பெரியதாக இருந்தால் மட்டும் பப்ளிக் விஃபின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

போட்டால் என்னென்ன கூடவே வரும்? உங்களிடம் பொது முகவரி இருக்க வேண்டும். இணையம் தரும் நிறுவனத்தின் முகவரி என்றால் அவர்களின் அனுமதிக் கடிதம் வேண்டும், சரிபார்க்க 72 மணி நேரம் வரை ஆகலாம். லைன் எழுந்ததும், சீனா நீங்கலாக உலகெங்கும் உள்ள ஏடபிள்யூஎஸ் பொது முகவரிகள் உங்கள் ரவுட்டருக்குத் தெரியவரும். அங்கே சர்வர் வைத்திருக்கும் எந்த வாடிக்கையாளருக்கும் நீங்களும் தெரிவீர்கள். பெயர்தான் தனி லைன், ஃபயர்வால் கட்டாயம்.

இன்னொரு தொல்லை திரும்பும் பாதை. நீங்கள் அறிவித்த முகவரிக்கு வரும் பதிலை ஏடபிள்யூஎஸ் டைரக்ட் கனெக்ட் வழியாகத்தான் அனுப்பப் பார்க்கும். ஆலையின் மற்ற இணைய வேலைகளும் அதே முகவரியிலிருந்து போனால், ஏடபிள்யூஎஸ்ஸில் இயங்கும் லேபிள் அச்சிடும் மென்பொருளுக்குக் கேள்வி இன்டர்நெட் லைனில் போகும், பதில் டைரக்ட் கனெக்டில் வந்து நிற்கும். கேள்வியைப் பார்க்காத ஃபயர்வால் பதிலைத் தூக்கி எறிந்துவிடும். அனுப்பும் பகுதியில் பெட்டிகள் குவிந்த பிறகுதான் யாராவது இதைக் கவனிப்பார்கள். ஹோஸ்டட் இணைப்பின் ஒரே இடத்தை இதற்குக் கொடுக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்று லைன்

எந்த விஃப் எடுத்தாலும் ஜேசிபிக்கு அது தெரியாது. தேசிய நெடுஞ்சாலை 16-இன் ஓரமாக ஒரு லைன் வந்தால், இரண்டாவதைச் சத்தியவேடு, ஊத்துக்கோட்டை வழியாகக் கேளுங்கள். கொட்டேஷனில் பாதை வரைபடத்தையும் சேர்த்து வாங்குங்கள். இரண்டு நிறுவனங்கள் ஒரே குழாயில் இழை போட்டிருப்பது சகஜம். இரண்டாவது லைனுக்குக் காசு இல்லையென்றால் இன்டர்நெட் மேல் விபிஎன் போதும். ஒரே முகவரித் தொகுதி இரண்டிலும் அறிவிக்கப்பட்டால் ஏடபிள்யூஎஸ் டைரக்ட் கனெக்டைத்தான் முதலில் எடுக்கும். விபிஎன் பக்கம் மட்டும் சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்து அறிவிக்காதீர்கள். அப்படிச் செய்தால் தனி லைன் சும்மா கிடக்க, எல்லாம் விபிஎன் வழியாக ஓடும்.

லைன் அறுந்தது தெரிவதற்கு பிஜிபியை மட்டும் நம்பினால் 90 விநாடி வரை ஆகும். லைன் அறுந்ததை வேகமாகக் கண்டுபிடிக்கும் பிஎஃப்டி, ஏடபிள்யூஎஸ் பக்கத்தில் எல்லா விஃப்களிலும் தயாராகவே இருக்கிறது. உங்கள் ரவுட்டரில் 300 மில்லி விநாடி, மூன்று தவறல் என்று எழுதினால் ஒரு விநாடிக்குள் மாறிவிடும். எழுதிய பிறகு சோதித்தும் பாருங்கள். டைரக்ட் கனெக்ட் கன்சோலிலேயே பிஜிபியை வேண்டுமென்றே விழவைக்கும் ஃபெயில்ஓவர் சோதனை இருக்கிறது. நேரம் குறிப்பிடாவிட்டால் 180 நிமிடம் அப்படியே கீழே இருக்கும். பராமரிப்புக்காக வரிசைகள் நிற்கும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, ஷிப்ட் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.