30 சென்டிமீட்டர் உலக உருண்டை: டியூஷன் வீட்டில் புழங்கிய அனுபவம்

டவுன் ஹால் ரோட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு எழுதுபொருள் கடையில் இந்த உருண்டையை 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். விட்டம் 30 சென்டிமீட்டர், காகிதம் ஒட்டிய பிளாஸ்டிக் கோளம், இரும்பு வளைவு, கனமான அடித்தட்டு. திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்காக வாங்கியது. பாடத்துக்கென்று வாங்கினாலும், பாடத்தில் இல்லாத கேள்விகளுக்குத்தான் அது அதிகம் உழைக்கிறது. படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் வாங்குங்கள் என்றே சொல்வேன். ஆனால் கடையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது உருண்டையின் வயது. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்ததில் சூடான் ஒரே நாடாக, ஒரே நிறத்தில் இருந்தது. தெற்கு சூடான் 2011 ஜூலை 9ஆம் தேதியே தனி நாடாகிவிட்டது. "அண்ணே, இது பழசு" என்றேன். அவர் முகம் சுளிக்காமல் உள்ளே ஆள் அனுப்பி வேறொன்று எடுத்து வரச் சொன்னார். அதில் தெற்கு சூடான் இருந்தது. ஆனால் ஆப்பிரிக்காவின் தென்மூலையில் சுவாசிலாந்து என்றே போட்டிருந்தார்கள். அந்த நாடு 2018இல் எஸ்வாட்டினி என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2019இல் வட மாசிடோனியா ஆன நாடும் பழைய பெயரிலேயே இருந்தது. பெயர் பழசு என்றால் ஒரு சீட்டு ஒட்டிச் சரி செய்யலாம், எல்லைக்கோடே இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அதையே எடுத்துக்கொண்டேன். கஜகஸ்தான் தலைநகரை வைத்து வயதைக் கணக்குப் போடாதீர்கள். 2019இல் நூர்சுல்தான் என்று மாற்றியவர்கள் 2022இல் மறுபடி அஸ்தானா என்றே ஆக்கிவிட்டார்கள்.

சுவரில் உலகப் படம் மாட்டியிருக்கும்போது உருண்டை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அதற்குக் கிரீன்லாந்து ஒன்றே போதும். எங்கள் சுவர்ப் படத்தில் அது ஆப்பிரிக்காவுக்குச் சமமாகப் பரந்து கிடக்கிறது. உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம்தான். 14 கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குள் அடங்கும். நம் இந்தியாவே 32.9 லட்சம், கிரீன்லாந்தைவிடப் பெரிது. வாயால் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி டிரேசிங் தாளை உருண்டைமேல் வைத்து இந்தியாவை வரைந்து, வெட்டி, கிரீன்லாந்தின்மேல் போட்டுப் பார்த்தாள். கிரீன்லாந்து கீழே ஒளிந்துகொண்டது. எல்லோருக்கும் சுவர்ப் படத்தின்மேல் கோபம் வந்துவிட்டது. அந்தப் படத்தின்மேல் தப்பில்லை என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் அப்படி வரையும் முறையைக் கொண்டுவந்தது கடலோடிகளுக்காக. திசைகாட்டியைப் பார்த்து ஒரே திசையில் கப்பலை விட்டால் அந்தப் பாதை படத்தில் நேர்கோடாக விழ வேண்டும். அதற்காகத் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சுற்றுலா என்று போனால் ராமேஸ்வரம், இல்லாவிட்டால் கன்னியாகுமரி. போய் வந்ததும் வரும் கேள்வி இது: "டீச்சர், கன்னியாகுமரிக்கு அங்கிட்டு என்ன ஊரு இருக்கு?" இலங்கை என்று பெரியவர்களே பலர் சொல்வார்கள். இலங்கை இருப்பது கிழக்கே. தனுஷ்கோடியிலிருந்துதான் அது பக்கம், தலைமன்னாருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து விரலை நேர் தெற்கே இழுத்துக்கொண்டு போனால் மாலத்தீவும் தியாகோ கார்சியா தீவும் மேற்கே ஒதுங்கிவிடுகின்றன. வெறும் கடல்தான். இந்த உருண்டையில் 1 சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 420 கிலோமீட்டர், அதாவது மதுரைக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் உள்ள தூரம். அப்படி 12 சென்டிமீட்டர், அதாவது சுமார் 5,000 கிலோமீட்டர் போனபிறகு இரண்டு புள்ளிகள் வருகின்றன: ஆம்ஸ்டர்டாம் தீவு, அதற்குச் சற்றுக் கீழே செயின்ட் பால் தீவு. கன்னியாகுமரியும் இந்த இரண்டும் 77½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியே இருக்கின்றன. இரண்டுமே பிரான்சுக்குச் சொந்தம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் யாரும் இல்லை, ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஆராய்ச்சி நிலையம் மட்டும் உண்டு. அதையும் தாண்டினால் அண்டார்டிகா. "அப்ப நம்மளுக்கும் பிரான்சுக்கும் நடுவுல யாருமே இல்லையா?" என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்காகவே 1,450 ரூபாய் கொடுக்கலாம்.

பூமியைத் துளைத்துக்கொண்டே போனால் மதுரைக்கு மறுபக்கம் எங்கே வெளியே வருவோம் என்பதும் அடிக்கடி வருவது. அமெரிக்கா என்று அடித்துச் சொல்வார்கள். அட்சரேகையை வடக்கிலிருந்து தெற்காக மாற்றி, தீர்க்கரேகையில் 180 டிகிரி சுற்றிப் பார்த்தால் தெற்கே 10, மேற்கே 102 டிகிரி. பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடல்.

நேரக் கணக்குக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மதுரையில் துபாயிலோ சிங்கப்பூரிலோ ஆள் இல்லாத தெரு குறைவு. எங்கள் பிள்ளைகளில் ஒருவனுக்கு அப்பா துபாயில், இன்னொருத்திக்கு அத்தை சிங்கப்பூரில். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது, ஆகவே ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். மதுரை கிழக்கே 78.1 டிகிரி, துபாய் 55.3. வித்தியாசம் 22.8 டிகிரி, 91 நிமிஷம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதோடு அச்சாகப் பொருந்துகிறது. பையனுக்கு ஒரே சந்தோஷம். அடுத்து சிங்கப்பூர், 103.8 டிகிரி. வித்தியாசம் 25.7, கணக்குப்படி ஒரு மணி 43 நிமிஷம். ஆனால் அத்தை வீட்டுக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கணக்குத் தப்பா, கடிகாரம் தப்பா என்று மாடியில் பெரிய சண்டை. இரண்டும் சரிதான். நாடுகள் நேரத்தைச் சூரியனை மட்டும் பார்த்து வைத்துக்கொள்வதில்லை. சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்று தன் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி கிரீன்விச்சைவிட 8 மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டது. நம் இந்திய நேரமும் மதுரையின் நேரம் கிடையாது. வடக்கே மிர்சாப்பூர் பக்கம் போகிற 82½ டிகிரி தீர்க்கரேகையின் நேரம் அது. அந்த 4.4 டிகிரி வித்தியாசத்தால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டே காலுக்குக் கொஞ்சம் மேல்.

இதை மாடியிலேயே காட்டலாம். மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே கிட்டத்தட்ட 10 டிகிரியில் இருப்பதால் வருஷத்துக்கு இரண்டு முறை சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. சித்திரை பிறந்து இரண்டொரு நாளில் ஒன்று, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொன்று. சித்திரையில் 12 மணி 17 நிமிஷம் வாக்கில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டால் நிழல் அடியிலேயே அடங்கிவிடும். அதன்பின் உருண்டையின் 23½ டிகிரி சாய்வை டார்ச் அடித்துக் காட்டினால் ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் ஏன் கோடையில் வருகிறது என்பது வரை கேட்காமலே புரிந்துகொள்வார்கள். சில மலிவு உருண்டைகள் சாய்வில்லாமல் நேராக நிற்கின்றன. அவற்றை வாங்க வேண்டாம்.

மற்ற கேள்விகளுக்கும் குறையில்லை. நைல் ஏன் மேலே ஓடுகிறது? படத்தில் மேலே இருப்பது வடக்கு, மேடு இல்லை. நம் வைகை கிழக்கே ஓடுவது போல அது வடக்கே ஓடுகிறது. வாடிகன் எவ்வளவு பெரிது? சுமார் 110 ஏக்கர், மீனாட்சி அம்மன் கோயில் 14 ஏக்கர் என்றால் எட்டுக் கோயில் அளவுகூட வராது. பசிபிக்கில் ஒரு தேதியையும் அடுத்த தேதியையும் பிரிக்கிற தேதிக் கோடு ஏன் வளைந்து போகிறது? நடுவில் இருக்கிற தீவுகளுக்காக. சமோவா என்ற தீவு நாடு அந்தக் கோட்டின் மறுபக்கம் மாறுவதற்காக 2011 டிசம்பர் 30 என்ற தேதியையே விட்டுவிட்டது. உருண்டைமேல் ஒரு தையல் நூலைச் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு இழுத்துப் பிடித்தால் வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் அந்த வழியாகத்தான் விமானத்தை ஓட்டி வந்தார்கள் என்று சொன்னதிலிருந்து நூல் பெண் பிள்ளைகள் கையைவிட்டு இறங்குவதில்லை.

மலைகள் புடைத்துக்கொண்டு நிற்கும் வகை 600 ரூபாய் கூடுதல். தொட்டுப் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இந்த அளவில் எவரெஸ்ட் உண்மையில் 0.2 மில்லிமீட்டர்தான். பூமி அவ்வளவு வழுவழுப்பானது என்று பிள்ளைகள் அறிவது எனக்கு முக்கியமாகப் பட்டது. விளக்கு எரியும் வகையும் வேண்டாம் என்றேன், ஒயர் தடுக்கும்.

குறை இரண்டு. ஒன்று, எல்லாப் பெயரும் ஆங்கிலத்தில். தமிழில் அச்சிட்டது கேட்டேன், கடையில் இல்லை. ஆறாம் வகுப்புத் தமிழ் வழிப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துச் சலித்துவிடுகிறார்கள். நாங்களே சின்னச் சின்னச் சீட்டில் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவதுதான் எனக்கு வருத்தம். இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்த இடத்தை மறைக்கப் பூமத்திய ரேகை நெடுக 8 மில்லிமீட்டர் அகலத்தில் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூர் அந்த ரேகையிலிருந்து 3½ மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதால் பட்டைக்கு அடியில் போய்விட்டது. அத்தை ஊரைக் காட்டச் சொன்ன பிள்ளைக்குப் பட்டையைத்தான் காட்ட முடிந்தது. நவ்ரு தீவும் அதற்குள்ளேதான். தயாரிப்பவர்கள் பட்டையின் அகலத்தைப் பாதியாகக் குறைத்தாலே சிங்கப்பூர் வெளியே வந்துவிடும். நீங்கள் வாங்கும்போது மலேசியாவின் தென்முனையைப் பாருங்கள். சிங்கப்பூர் கண்ணுக்குத் தெரிகிற உருண்டை கிடைத்தால் நூறு ரூபாய் கூடச் சொன்னாலும் அதையே வாங்குங்கள்.