கம்பி இழுக்க ஒரு தூரிகை: ரிக்கர், அளவு எண் 2

பாய்மரக் கப்பலின் கயிறுகளை வரைவதற்கென்றே வந்த தூரிகை ரிக்கர். பழைய விமானங்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுகிறவர்களுக்கும் இதைவிட்டால் வேறு வழியில்லை. 1909-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த பிளேரியோ 11 விமானத்தின் பின்னுடலில் துணி போர்த்தவில்லை. சட்டங்களுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் ஓடும். சாதாரண சிறு தூரிகை பாதிக் கம்பியிலேயே வற்றிவிடும். ரிக்கரின் நீண்ட மயிர் வண்ணத்தைத் தேக்கி, ஒரே இழுப்பில் முடித்துத் தருகிறது.

சேபிள் என்ற விலங்கு மயிரே மேல். செயற்கை இழையின் நுனி சீக்கிரமே கொக்கிபோல் வளைந்துவிடுகிறது, அதற்குப் பின் நேர்க்கோடு வராது.

வண்ணம் மைபோல ஓட வேண்டும். டர்பன்டைனை மட்டும் ஊற்றி இளக்கினால் பிடிப்புக் குறைந்து, வார்னிஷ் பூசும்போது கோடு கரைந்து போகும். வண்ணத்தைச் சீக்கிரம் காயவைக்கும் பிசின் கலவையான அல்கிட் மீடியம் சில சொட்டு சேருங்கள். ஆனால் வேலை முடிந்ததும் தூரிகையை உடனே கழுவாவிட்டால் அடிமயிரில் இறுகி, தூரிகையே பாழ். அடிப்பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். கையைத் தாங்குகோலில் (வரையும்போது கைக்கு முட்டுக்கொடுக்கும் நீண்ட குச்சி) வைத்து, விரலால் அல்ல, தோளிலிருந்து இழுங்கள். கம்பி முழுவதையும் கருப்பாக்காதீர்கள்: வெளிச்சம் படும் இடத்தில் அது வானத்தோடு கரைந்து காணாமல் போகும், அந்த இடைவெளிதான் அழகு.

மோட்டார் கார் காட்சிகளுக்கு இதன் பயன் குறைவு. ஃபோர்டு மாடல் டி-யின் பித்தளை ரேடியேட்டருக்குத் தட்டைத் தூரிகைதான். விளிம்பில் மின்னும் அந்த ஒற்றை வெளிர்மஞ்சள் கோட்டுக்கு மட்டும் ரிக்கரை எடுங்கள்.