வளரிளம் பெண்களின் ரத்தசோகை: எந்த மாத்திரை, எந்த வைட்டமின், எத்தனை நாள்?

பருவமடைந்த ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று பரிசோதனையில் தெரிந்ததும், பெற்றோர் முன்னால் பல மருந்துகள் வந்து நிற்கின்றன: ஃபெரஸ் உப்பு வகைச் சாதாரண இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றைப் புண்படுத்தாது என்று சொல்லப்படும் பாலிமால்டோஸ் வகை, பத்துப் பன்னிரண்டு வைட்டமின்கள் கலந்த டானிக். இரும்புக் குறைவால் வந்த சோகைக்கு இவற்றுள் முதலில் எடுக்க வேண்டியது சாதாரண ஃபெரஸ் மாத்திரைதான் என்பது என் உறுதியான கருத்து. வைட்டமின்களுக்கு இடம் உண்டு. ஆனால் அது துணைக்கு வரும் இடம்.

அட்டையைப் படிப்பதிலிருந்து தொடங்குவோம். 300 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட், 180 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட், 500 மில்லிகிராம் ஃபெரஸ் குளுக்கோனேட் என்று மூன்று அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 500 என்ற எண்ணே வலுவானதாகத் தோன்றும். உண்மையில் மூன்றிலும் உடலுக்குக் கிடைக்கக்கூடிய தனி இரும்பு ஏறத்தாழ 60 மில்லிகிராம்தான். மற்றதெல்லாம் உப்பின் எடை. டானிக் புட்டியிலும் தேட வேண்டியது இந்தத் தனி இரும்பின் அளவையே. பட்டியல் நீளமாக இருந்து, இரும்பு மட்டும் அன்றாடத் தேவையை ஈடுகட்டும் அளவில் இருந்தால், அது குறையாமல் பார்த்துக்கொள்ள உதவலாம். ஏற்கெனவே காலியாகிவிட்ட இருப்பை நிரப்ப அது போதாது.

பாலிமால்டோஸின் பலம் வயிற்றுத் தொந்தரவு குறைவு என்பதே. உணவோடு சாப்பிடலாம், குமட்டலும் மலச்சிக்கலும் பொதுவாகக் குறைவு. ஆனால் விலை கூடுதல், பல ஒப்பீட்டு ஆய்வுகளில் ஹீமோகுளோபின் ஏறும் வேகமும் ஃபெரஸ் உப்புகளைவிடக் குறைவு. இருந்தும் இதை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பும் பெண், இரண்டாம் பாடவேளைக்குள் குமட்டலோடு மேசையில் தலை சாய்த்துவிட்டால், மறுநாள் முதல் அந்த மாத்திரை யாருக்கும் தெரியாமல் குப்பைக்குப் போகும். வெறும் வயிற்றில்தான் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும் என்பது உண்மையே. ஆனாலும் இப்படிப்பட்ட பெண்ணுக்கு மாத்திரையை இரவு உணவுக்குப் பின் கொடுத்துப் பார்க்கலாம், அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரைக் கேட்டு மருந்தை மாற்றலாம். மலம் கறுத்துப் போகும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள்.

தினமுமா, ஒருநாள் விட்டு ஒருநாளா, வாரம் ஒருமுறையா என்பதுதான் இப்போது அதிகம் விவாதிக்கப்படும் கேள்வி. 60 மில்லிகிராம் அளவில் இரும்பு உள்ளே போனதும் ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறத்தாழ ஒரு நாள் வரை குடலின் உறிஞ்சலைத் தடுக்கிறது. அதனால் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வுகளில், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கிடைத்த இரும்பு கூடியது. ஆனால் அதே எண்ணிக்கை மாத்திரைகளை முடிக்க இரு மடங்கு நாள் பிடிக்கும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். லேசான சோகையும் நொந்துபோகும் வயிறும் உள்ள பெண்ணுக்கு இம்முறை பொருந்தும்; விரைவாக ஏற்ற வேண்டிய நிலையில் தினசரி முறையே மேல். வாரம் ஒருமுறை 60 மில்லிகிராம் இரும்பும் 2800 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் தருவது, உலக சுகாதார நிறுவனம் சோகை பரவலாக உள்ள மக்களிடையே தடுப்புக்காகப் பரிந்துரைத்த முறை. சோகை உறுதியான பெண்ணுக்கு அதையே சிகிச்சையாக நினைத்துக்கொள்வது தவறு.

வைட்டமின் சி உணவிலுள்ள இரும்பை உறிஞ்ச நன்றாகவே உதவுகிறது. ஆனால் போதிய அளவு இரும்பு மாத்திரை எடுப்பவருக்குக் கூடவே வைட்டமின் சி மாத்திரையும் கொடுப்பதால் பெரிய பலன் இல்லை என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, பெரியவர்களிடம் சோதித்துக் காட்டியது. அந்தச் செலவைவிட, மாத்திரைக்கு முன்னும் பின்னும் தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றைத் தள்ளிவைப்பது பயன் தரும். ஃபோலிக் அமிலம் சேர்ந்த மாத்திரை நல்லதே. பி12 வேறு கதை: அது குறைந்திருக்கும் பெண்ணுக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் கொடுத்தால், ரத்த அணுக்கள் தேறியதுபோல் தெரிய, நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரக்கூடும். அசைவமும் பாலும் தவிர்க்கும் பெண்ணுக்கு பி12 அளவைப் பார்த்துவிடுவது அவசியம். வைட்டமின் ஏ குறைவாக உள்ள இடங்களில் அதை இரும்போடு சேர்த்துக் கொடுப்பது, இரும்பை மட்டும் கொடுப்பதைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆனால் கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ளவர்களுக்கு அதன் மிகை அளவு ஆபத்து என்பதால், தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ரத்தநாளம் வழியாக ஏற்றும் இரும்பு, மாத்திரையே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் குடலில் உறிஞ்சாதவர்களுக்கும் மருத்துவமனையில் தர வேண்டியது. அவசரத்துக்காக அதைக் கேட்பது சரியல்ல.

எதை எடுத்தாலும் நான்காவது வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். 1 கிராமாவது ஏறியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. ஹீமோகுளோபின் சரியான பிறகும், இருப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும். ஏறவில்லை என்றால் மருந்தின் பெயரை மாற்றுவதற்கு முன், அவள் உண்மையில் விழுங்குகிறாளா என்று அன்போடு கேட்க வேண்டும். மாதவிடாய்ப் போக்கு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்: ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தோடு ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு போகிறது, மாதம் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் 40 மில்லிகிராமுக்கு மேல் இழப்பு. குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவும் இருக்கலாம். இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு நன்றாக இருந்தும் ரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்தே இருந்தால், பரம்பரையாக வரும் தலசீமியா கூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் காரணம் என்றால், இரும்பு மாத்திரையை நிறுத்திவிடலாம்.